முழு உடல் பரிசோதனை: தேவையானது விடுபடுகிறது, தேவையற்றது குவிகிறது

பண்டிகைக் காலம் வந்தால் போதும், தனியார் மருத்துவமனைகளின் ‘முழு உடல் பரிசோதனை’ விளம்பரங்கள் கைப்பேசியில் வந்து குவிகின்றன. 40 சோதனை, 60 சோதனை, புற்றுநோய்ச் சோதனை இலவசம், தம்பதியாக வந்தால் கழிவு என்று பட்டியல் நீள்கிறது. விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளியையும் தாண்டுகிறது. பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைகள், தோட்டத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைப் பரிசாகவே வாங்கித் தருகிறார்கள். முழு மருத்துவப் பரிசோதனைக்கான வருமான வரிக் கழிவும் 2021 மதிப்பீட்டு ஆண்டு முதல் 500 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளியாக உயர்ந்துள்ளது.

இதில் தவறு என்ன என்று பலர் கேட்கலாம். முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லதுதானே? எத்தனை சோதனை கூடுதலாகச் செய்கிறோமோ அத்தனை பாதுகாப்பு அல்லவா?

இந்த நம்பிக்கையைத்தான் மருத்துவ உலகம் கடந்த பல ஆண்டுகளாகக் கேள்விக்கு உட்படுத்தி வருகிறது. காரணமில்லாமல் எடுக்கும் சோதனை பணத்தை மட்டும் தின்பதில்லை. நலமாக இருப்பவரை நோயாளி ஆக்கிவிடுகிறது. சில வேளைகளில் அறுவைச் சிகிச்சை மேசை வரை கொண்டுபோய் விடுகிறது. அதே வேளையில், இந்தியச் சமூகத்துக்கு உண்மையிலேயே தேவைப்படும் மலிவான, எளிய சோதனைகள் செய்யப்படாமலே கிடக்கின்றன.

20 சோதனை எடுத்தால் என்ன நடக்கும்?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ‘இயல்பான அளவு’ என்று ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் எண் தடித்த எழுத்தில் வரும், அல்லது பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும்.

அந்த வரம்பு எப்படி வகுக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. நலமாக உள்ள பலரின் ரத்தத்தை எடுத்து, அவர்களில் நடுவில் அமையும் 95 விழுக்காட்டினரின் அளவையே பெரும்பாலான சோதனைகளில் ‘இயல்பு’ என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் எந்த நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர், வரம்புக்கு வெளியே விழுந்தே தீருவார்கள். இது ஆய்வகத்தின் பிழை இல்லை, கணக்கின் இயல்பு.

ஒரு சோதனைக்கு 5 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒன்றையொன்று சாராத 10 சோதனைகளை ஒரே நேரத்தில் எடுத்தால், எந்தக் குறையும் இல்லாத 100 பேரில் ஏறக்குறைய 40 பேருக்கு ஏதாவது ஓர் எண் வரம்பை மீறும். 20 சோதனை எடுத்தால் அந்த எண்ணிக்கை 64 ஆகிவிடும். 60 சோதனைகள் அடங்கிய பட்டியலில் ‘எல்லாம் சரி’ என்று வீட்டுக்குப் போகிறவர்தான் அதிசயப் பிறவி.

அந்த ஒற்றை நட்சத்திரக் குறிக்குப் பிறகுதான் ஓட்டம் தொடங்குகிறது. மறுபடியும் ரத்தம், பிறகு ஸ்கேன், பிறகு நிபுணர், பிறகு ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேலைக்கு விடுப்பு, காடிச் செலவு, தூக்கம் கெட்ட இரவுகள். கடைசியில் ‘ஒன்றுமில்லை’ என்ற பதில் வந்தாலும், பட்ட பாடு பட்டதுதான்.

புற்றுநோய்ச் சோதனை என்று விற்கப்படுவது

பட்டியலில் அதிகம் ஈர்ப்பது ‘டியூமர் மார்க்கர்’ எனப்படும் ரத்தச் சோதனைகள்தான். சி.இ.ஏ., சி.ஏ. 125, சி.ஏ. 19-9, ஏ.எஃப்.பி., பி.எஸ்.ஏ. என்று இவை வரிசையாக நிற்கும். ஒரு குழாய் ரத்தத்தில் புற்றுநோய் தெரிந்துவிடும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இவற்றில் பல, ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவருக்கு சிகிச்சை பலன் தருகிறதா, நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கத்தான் பெரிதும் உதவுகின்றன. அறிகுறி எதுவும் இல்லாதவரிடம் புற்றுநோயைத் தேட இவை நம்பகமான கருவிகள் அல்ல. புகைப்பவருக்கு சி.இ.ஏ. கூடலாம். மாதவிடாய், கர்ப்பம், கருப்பை உட்சவ்வு தொடர்பான சாதாரணக் கோளாறு ஆகியவற்றால் சி.ஏ. 125 கூடலாம். பித்தக்கல் அடைப்பால் சி.ஏ. 19-9 ஏறலாம். வயதான ஆடவருக்கு புராஸ்டேட் சுரப்பி பெருத்தாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் பி.எஸ்.ஏ. உயரும். மறுபுறம், புற்றுநோய் இருந்தும் இவை இயல்பாகக் காட்டலாம். ‘ரத்தம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை’ என்று நம்பி, மலத்தில் ரத்தம் போவதை ஒருவர் அலட்சியப்படுத்தினால் அந்த அறிக்கையே அவருக்கு எமனாகிவிடும்.

அமெரிக்காவில் ஏறக்குறைய 78,000 மாதர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2011ஆம் ஆண்டு வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சி.ஏ. 125 ரத்தச் சோதனையும் ஸ்கேனும் செய்யப்பட்டன. மறு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். சூலகப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணம் சோதனை செய்தவர்களிடம் குறையவில்லை. ஆனால் 3,285 பேருக்கு இல்லாத புற்றுநோய் இருப்பதாகச் சோதனை காட்டியது. அவர்களில் 1,080 பேர் அறுவைச் சிகிச்சைக்கு ஆளாயினர். 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்பட்டது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான மாதர்களிடம் நடத்தப்பட்டு 2021ஆம் ஆண்டு வெளியான இன்னொரு பெரிய ஆய்வும், இத்தகைய சோதனை மரணத்தைக் குறைக்கவில்லை என்றே சொன்னது.

அந்த 163 பேரும் புற்றுநோய் இல்லாதவர்கள். சோதனைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கத்தி அவர்கள் மேல் பட்டிருக்காது.

தென் கொரியாவின் பாடம்

‘தேடினால் கிடைக்கும்’ என்பதற்குத் தென் கொரியா உலகறிந்த சான்று. அந்நாடு 1999ஆம் ஆண்டு தேசியப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு ஸ்கேன் அத்திட்டத்தில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் அதைச் சிறு கூடுதல் கட்டணத்தில் சேர்த்துச் செய்தன. மக்களும் விரும்பி எடுத்துக்கொண்டனர்.

2011ஆம் ஆண்டில் அங்கு தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993ஆம் ஆண்டைக் காட்டிலும் 15 மடங்கு ஆனது. ஒரே ஆண்டில் 40,000க்கும் அதிகமானோருக்கு இந்நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டது. இவ்வளவு பேரை முன்கூட்டியே கண்டுபிடித்தால் மரணம் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. பத்தாண்டுகளாக ஆண்டுக்கு 300 முதல் 400 மரணம் என்ற நிலையிலேயே அது நின்றது.

கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, வாழ்நாள் முழுக்க உள்ளே இருந்தாலும் எந்தத் தொல்லையும் தராத சின்னஞ்சிறு கட்டிகள். ஆனால் ‘புற்றுநோய்’ என்ற சொல்லைக் கேட்டபின் யாரும் சும்மா இருப்பதில்லை. பலருக்குத் தைராய்டு சுரப்பி முழுவதுமாக அகற்றப்பட்டது. அவர்கள் வாழ்நாளெல்லாம் மாத்திரை விழுங்க வேண்டும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கு உடலின் கால்சியம் சமநிலையைக் காக்கும் சுரப்பிகள் பழுதாயின. 2 விழுக்காட்டினருக்குக் குரல் நாண் செயலிழந்தது. 2014ஆம் ஆண்டு கொரிய மருத்துவர்கள் சிலரே வெளிப்படையாக எச்சரித்த பிறகு, ஓராண்டுக்குள் தைராய்டு அறுவைச் சிகிச்சைகள் 35 விழுக்காடு குறைந்தன.

பொதுவான உடல் பரிசோதனை பற்றியும் ஆய்வு உண்டு. 2.5 லட்சம் பேர் பங்கேற்ற 15 ஆய்வுகளைத் திரட்டி, ‘காக்ரேன்’ ஆய்வுக் குழு 2019ஆம் ஆண்டு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அறிகுறி இல்லாதவர்களை அழைத்துச் செய்யப்படும் பொதுப் பரிசோதனைகள் மொத்த மரணத்தையும் புற்றுநோய் மரணத்தையும் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு.

முதுகுவலிக்கு ஸ்கேன்

செம்பனைக் குலையைத் தூக்கியவர், பால் வாளி சுமந்தவர், லோரி ஓட்டியவர் என நம்மவர்களில் முதுகுவலி இல்லாதவர் குறைவு. வலி வந்ததும் ‘ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாமே’ என்ற எண்ணம் இப்போது இயல்பாகிவிட்டது.

வலியே இல்லாத ஆயிரக்கணக்கானோரின் முதுகெலும்பு ஸ்கேன்களை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கே முதுகுத் தட்டுத் தேய்மானம் இருப்பதாகக் கண்டது. 80 வயதில் அது 96 விழுக்காடு. தலை நரைப்பதைப் போல முதுகுத் தட்டும் தேய்கிறது. வலியோடு போய் ஸ்கேன் எடுக்கும் 50 வயதுக்காரருக்கு ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். வலிக்கு அதுதான் காரணமா என்பது வேறு விஷயம். பெரும்பாலான சாதாரண முதுகுவலி சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஆனால் ‘தட்டு விலகிவிட்டது’ என்ற சொல் மனத்தில் விழுந்துவிட்டால், குனிய அஞ்சி, வேலைக்குப் போக அஞ்சி, உட்கார்ந்தே பலவீனமாகிறவர்கள் உண்டு.

கால் மரத்துப்போவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, காய்ச்சல், எடை குறைவு, விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவை முதுகுவலியோடு சேர்ந்தால் ஸ்கேன் அவசியம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இருக்கும்போது சோதனை உயிர்காக்கும் கருவி.

சி.டி. ஸ்கேனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வயிற்றுப் பகுதிக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன் எடுத்தால், மண், காற்று, வானம் ஆகியவற்றிலிருந்து ஒருவர் இயல்பாக இரண்டு மூன்று ஆண்டுகளில் பெறும் கதிர்வீச்சு ஒரே நாளில் உடலில் சேர்கிறது. தேவைக்கு எடுத்தால் அதன் பலன் பெரிது. ‘சும்மா பார்க்கலாம்’ என்று எடுத்தால் ஆபத்து மட்டுமே மிச்சம்.

யார் காரணம்?

எல்லாப் பழியையும் மருத்துவர் மேல் போடுவது எளிது. நிலைமை அவ்வளவு எளிதானதல்ல.

எதையாவது தவறவிட்டால் வழக்கு வருமே என்ற அச்சம் மருத்துவருக்கு உண்டு. அதிகம் செய்ததற்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. சோதனைத் தொகுப்புகள் தனியார் மருத்துவமனைக்கு வருமானம். அங்கு எடுத்த அறிக்கை இங்கு கிடைக்காததால், ஒரே சோதனை அரசாங்க மருத்துவமனையில் ஒருமுறையும் தனியாரில் ஒருமுறையும் நடக்கிறது. பழக்கமும் ஒரு காரணம். கண்புரை அறுவைக்கு முன் எல்லாருக்கும் ரத்தம், இதயத் துடிப்புச் சோதனை எடுப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. 18,000க்கும் அதிகமானோரிடம் இதைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. சோதனை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சிக்கல்கள் ஒரே அளவில்தான் இருந்தன.

நோயாளியின் பங்கும் குறைவில்லை. ‘அந்த டாக்டர் ஒன்றுமே செய்யவில்லை, கேள்வி மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்’ என்று குறைப்படுவதும், ரத்தம் எடுத்த டாக்டரை ‘நல்லா பார்க்கிறார்’ என்று புகழ்வதும் நம்மிடையே உண்டு. பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டு, வயிற்றை அழுத்திப் பார்த்து, ‘சோதனை தேவையில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்’ என்று சொல்ல ஒரு மருத்துவருக்கு அதிகத் திறமை வேண்டும். அந்தத் திறமைக்கு நோயாளிகளிடம் மதிப்புக் குறைந்துவிட்டது.

பணமும் காப்புறுதியும்

தொகுப்பின் விலை மட்டும்தான் செலவு என்று நினைப்பது தவறு. அதில் வரும் சந்தேகத்தைத் தீர்க்கும் செலவு பல மடங்கு ஆகலாம். தனியார் மருத்துவமனையில் தொடங்கிய ஓட்டம், கையில் பணம் தீர்ந்ததும் அரசாங்க மருத்துவமனை வரிசையில் வந்து நிற்கிறது. அந்த வரிசையில் உண்மையான நோயாளி ஒருவர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார்.

மருத்துவ அட்டை இருக்கிறதே என்பவர்களும் கவனிக்க வேண்டும். சோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் பணம் தருவதில்லை. புதிதாகக் காப்புறுதி எடுக்கும்போது, முந்தைய சோதனையில் தெரிந்த சிறு கட்டியையும் பாரத்தில் எழுதியாக வேண்டும். தீங்கில்லாத அந்தக் கட்டியைக் காரணம் காட்டி அந்த உறுப்புக்குப் பாதுகாப்பு மறுக்கப்படலாம், அல்லது சந்தா கூடலாம்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவக் காப்புறுதிச் சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை உயரும் என்ற செய்தி பல குடும்பங்களைக் கலங்கடித்தது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து விதிக்கும்படி அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா ஏற்பாடு செய்தது. இந்த உயர்வுக்குக் காரணங்கள் பல. ஆனால் தேவையற்ற ஒவ்வொரு சோதனையின் கட்டணமும் கடைசியில் எல்லாச் சந்தாதாரர்களின் தலையிலும்தான் விழுகிறது.

விடுபடும் சோதனைகள்

இவ்வளவும் படித்துவிட்டு, ‘அப்படியென்றால் கிளினிக் பக்கமே போக வேண்டாம்’ என்று யாராவது முடிவெடுத்தால், அது இதைவிடப் பெரிய ஆபத்து.

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உள்ளது. 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு. 33.3 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம். இனவாரியாகப் பார்த்தால் இனிப்பு நீர் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குச் சிறுநீரகம் பழுதாக முதன்மைக் காரணமும் இதுவே. நோய் இருப்பது தெரியாமலே நடமாடுகிறவர்கள் ஏராளம்.

இவற்றைக் கண்டுபிடிக்க 60 சோதனை வேண்டியதில்லை. கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்க இரண்டு நிமிடம் போதும். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கான கட்டணம் ஒரு வெள்ளி. இனிப்பு நீர் உள்ளவர் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையையும், ஆண்டுக்கொருமுறை சிறுநீர், கண், பாதச் சோதனைகளையும் தவறவிடக்கூடாது. இரண்டாயிரம் வெள்ளித் தொகுப்பு எடுத்தும் பாதத்தை யாரும் பார்க்காமல் வீடு திரும்பினால், இனிப்பு நீர் உள்ளவருக்கு அந்தப் பணம் வீண்.

புற்றுநோயைத் தேடுவதிலும் மரணத்தைக் குறைப்பதாக நிரூபிக்கப்பட்ட சோதனைகள் உண்டு. 50 வயதைத் தாண்டியவர்களுக்குக் குடல் புற்றுநோய்க்காக மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைப் பார்க்கும் சோதனை, 30 முதல் 65 வயது வரையிலான மாதர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. சோதனை, 50 வயதைத் தாண்டிய மாதர்களுக்கு மேமோகிராம் ஆகியவை அவை. குடும்பத்தில் நெருங்கிய உறவினருக்கு இளவயதிலேயே புற்றுநோய் வந்திருந்தால், முன்னதாகவே மருத்துவரைக் கலந்துபேச வேண்டும். மலச் சோதனை என்றால் முகம் சுளிப்பதும், எச்.பி.வி. சோதனை என்றால் கூச்சப்படுவதும், டியூமர் மார்க்கருக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் பணம் கட்டுவதும்தான் இன்றைய முரண்பாடு.

கட்டணமில்லா வழிகளும் இருக்கின்றன. எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோரும் அவர்தம் துணையும் ‘பெக்கா பி40’ திட்டத்தின்கீழ், பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலேயே இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். 2019ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் இது. சொக்சோ சந்தாதாரர்களில் 40 வயதை எட்டியவர்களுக்கும் தனிப் பரிசோதனைத் திட்டம் உண்டு. தோட்டங்களில் இந்த இரண்டையும் கேள்விப்படாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆலய நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மருத்துவ முகாம் நடத்தும்போது, இந்தத் திட்டங்களில் பதிந்துகொள்ள ஒரு மேசை போட்டாலே பெரிய உதவி.

டாக்டரிடம் கேட்க நான்கு கேள்விகள்

சோதனை எழுதிக் கொடுக்கும்போது கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று மூத்தவர்கள் பலர் நினைக்கிறார்கள். மொழித் தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. மகனையோ மகளையோ உடன் அழைத்துச் சென்றாவது இவற்றைக் கேட்கலாம்:

1. எந்த நோய் இருக்குமோ என்று இந்தச் சோதனையை எடுக்கச் சொல்கிறீர்கள்?

2. முடிவு எப்படி வந்தாலும் எனக்குத் தரும் சிகிச்சை மாறுமா?

3. இப்போது எடுக்காமல் சில வாரம் பொறுத்தால் ஆபத்து உண்டா?

4. போன முறை எடுத்த அறிக்கை இதோ இருக்கிறது, இது போதாதா?

நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். நான்காவது கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால் பழைய அறிக்கைகளை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தைப் பத்திரப்படுத்துவது போல இதையும் பத்திரப்படுத்துவது நல்லது.

மார்வலி, மூச்சுத் திணறல், மார்பில் கட்டி, மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை தெரிந்தால் எந்தக் கேள்வியும் வேண்டாம், தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை.

பெற்றோருக்குப் பரிசு தர விரும்பும் பிள்ளைகள், அந்த ஆயிரம் வெள்ளியில் வீட்டுக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கலாம். ஒரு நாள் விடுப்பு எடுத்து, அவர்களைப் பக்கத்துச் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போகலாம். டாக்டர் சொல்வதை உடன் உட்கார்ந்து கேட்டு, அவர்களுக்குப் புரியும்படி தமிழில் எடுத்துச் சொல்லலாம். கருவி போக மிச்சப் பணம் கையிலேயே இருக்கும்.